செம்பு அலுமினியத்தைவிட ஆறு மடங்கு எக்ஸ்-கதிர் தருகிறதா? லேசர் பிளாஸ்மாவில் ஒரு சந்தேகம்

முதல்வருடம்:
வணக்கம். ஆய்வுப் படிப்பில் முதல் வருடம், லேசர் பிளாஸ்மா (லேசர் அடித்து அயனியாகிச் சூடான வாயு) எனக்குப் புதிது, அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது நியோடிமியம் கண்ணாடி லேசர், 1.06 மைக்ரான் அலைநீளம், ஒரு ஷாட்டில் 10 ஜூல், துடிப்பின் நீளம் 1 நானோ விநாடி. வேக்குவம் சேம்பருக்குள் ஒரு உலோகத் தகட்டின் மேல் சுமார் 100 மைக்ரான் புள்ளியாகக் குவிக்கிறோம். எக்ஸ்-கதிரை அளக்க ஒரு சிலிக்கான் பின் டயோடு (கதிர் விழுந்தால் மின் சிக்னல் தருவது), அதன் முன்னால் ஃபில்டராக 5 மைக்ரான் அலுமினியத் தாள்.

இரண்டு கேள்வி. ஒன்று, இந்த லேசரின் ஒரு ஃபோட்டானில் இருப்பது வெறும் 1.17 எலெக்ட்ரான் வோல்ட் (இனி ஈவி). அதிலிருந்து கேஈவி (ஆயிரம் ஈவி) கணக்கில் எக்ஸ்-கதிர் எப்படி வருகிறது? இரண்டு, அலுமினியத் தகட்டை எடுத்துவிட்டுச் செம்புத் தகடு வைத்தால் சிக்னல் ஏறக்குறைய ஆறு மடங்கு ஏறுகிறது. செம்பு உண்மையிலேயே அவ்வளவு நல்ல எக்ஸ்-கதிர் மூலமா?

குவிவில்லை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கோயில் உண்டியலில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாக விழுகிறது, பாங்கியிலிருந்து வெளியே வரும்போது ஐந்நூறு ரூபாய் நோட்டாக வருகிறது இல்லையா, அதுதான் இங்கேயும். லேசரின் மின்புலத்தில் எலெக்ட்ரான் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆடிக்கொண்டே இருக்கும்போது அயனியில் மோதினால் அந்த ஆட்டம் கலைந்து வெப்பமாகிவிடும். இதைத்தான் தலைகீழ் பிரேம்ஸ்ட்ராலங் என்பார்கள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சதுர செ.மீ.க்கு 10^14 வாட்டுக்குச் சற்று மேலே வருகிறது. அந்தச் செறிவில் பிளாஸ்மா சில நூறு ஈவிக்குச் சூடாகும். 1 ஈவி என்பது 11,600 கெல்வின், ஆகவே 500 ஈவி என்றால் கிட்டத்தட்ட 58 லட்சம் டிகிரி. இவ்வளவு சூடான பொருள் எக்ஸ்-கதிர் விடாமல் இருந்தால்தான் அதிசயம்.

செம்பு விஷயம் சுலபம். அணு எண் 29, அலுமினியத்துக்கு 13. அணு எண் ஏறினால் எக்ஸ்-கதிர் கூடும், அவ்வளவுதான்.

பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர்:
அவ்வளவுதான் இல்லை, நண்பரே. திசை சரி, ஆனால் அந்த ஆறு மடங்கை நான் அப்படியே நம்ப மாட்டேன். தம்பி வைத்திருக்கும் ஃபில்டரைப் பாருங்கள்.

அலுமினியத்தில் முதல் பத்து எலெக்ட்ரான்களைப் பிடுங்குவது லேசு, பதினொன்றாவதுக்குக்கூட 442 ஈவி போதும். பன்னிரண்டாவதைப் பிடுங்க ஒரேயடியாக 2,086 ஈவி வேண்டும். அதனால் சில நூறு ஈவி சூட்டில் பெரும்பாலான அயனிகள் இரண்டே எலெக்ட்ரானோடு, ஹீலியம் மாதிரி, அங்கேயே நின்றுவிடும். அதன் முக்கியமான கோடு, அதாவது அது குறிப்பாக விடும் எக்ஸ்-கதிரின் ஆற்றல், 1.598 கேஈவி. இப்போது குளிர்ந்த அலுமினியத் தாளுக்கு வாருங்கள், அதன் கே விளிம்பு, அதாவது அணுவின் உள் எலெக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், 1.56 கேஈவி. விளிம்புக்குக் கீழே ஓரளவு விடும், விளிம்பைத் தாண்டினால் உறிஞ்சல் பத்து மடங்குக்கு மேல் எகிறும். 5 மைக்ரான் தாள் வழியாக அந்த 1.598 கோட்டில் ஒரு சதவீதம்கூட வெளியே வராது.

‘ஒரு தனிமத்தின் ஃபில்டர் அதே தனிமத்தின் கோட்டை நன்றாக விடும்’ என்று படித்திருப்பீர்கள். எக்ஸ்-கதிர்க் குழாயில் அது உண்மைதான், அங்கே அலுமினியத்தின் கே-ஆல்ஃபா என்ற கோடு 1.487 கேஈவி, விளிம்புக்குக் கீழே. பிளாஸ்மாவில் வெளி எலெக்ட்ரான்கள் போய்விட்டதால் கோடு மேலே நகர்ந்து விளிம்பைத் தாண்டிவிடுகிறது. இதில் நானே ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

செம்பு இந்தச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு எலெக்ட்ரானோடு இருக்கும். அதன் எல் கோடுகள் (எலெக்ட்ரான் இரண்டாம் கூட்டுக்கு இறங்கும்போது வருபவை) 1 கேஈவியை ஒட்டிக் கூட்டமாக வரும், அந்த ஆற்றலில் உங்கள் தாள் சுமார் 20 சதவீதம் விடும். ஆக நீங்கள் அளப்பது பாதி பிளாஸ்மா, பாதி ஃபில்டர். 25 மைக்ரான் பெரிலியம் இருந்தால் மாற்றிப் பாருங்கள். அது எதிர்ப்பக்கம் சாயும், 1.6 கேஈவியில் பாதியை விடும், 1 கேஈவியில் ஆறு சதவீதம்தான். (பெரிலியத்தை வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.)

வெள்ளீயம்:
பழையவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘அதிக எக்ஸ்-கதிர்’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லை, எந்த அலைநீளத்தில் என்று கேட்க வேண்டும். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் சிப் அச்சடிக்கும் எந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெள்ளீயத் துளிகள், ஒவ்வொன்றும் சுமார் 30 மைக்ரான், விநாடிக்கு 50,000 விழுகின்றன. முதலில் ஒரு சின்னத் துடிப்பு துளியைத் தோசை மாதிரி தட்டையாக்கும், அடுத்து கார்பன் டை ஆக்சைடு லேசரின் பெரிய துடிப்பு வந்து பிளாஸ்மாவாக்கும். வேண்டியது 13.5 நானோமீட்டர், அதாவது 92 ஈவி மட்டும். ஏனென்றால் அங்கே இருக்கும் மாலிப்டினம்-சிலிக்கான் கண்ணாடிகள் அதைச் சுற்றி இரண்டு சதவீத அகலத்தைத்தான் உருப்படியாகப் பிரதிபலிக்கும். பிளாஸ்மா 30, 40 ஈவியில் இருந்தால் போதும். உங்கள் 500 ஈவியை அங்கே கொண்டுபோனால் கெடுத்துவிடும்.

லேசர் அலைநீளமும் இதே கதைதான். அலைநீளம் குறைந்தால் ஒளி இன்னும் அடர்த்தியான இடம் வரை உள்ளே போகும், மோதல் கூடும், எக்ஸ்-கதிராக மாறுவதும் கூடும். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தின் 192 கற்றை லேசரில் 1.05 மைக்ரானை 0.35 ஆக மாற்றிவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள், வழியில் கணிசமான ஆற்றல் போனாலும் பரவாயில்லை என்று.

முதல்வருடம்:
எல்லோருக்கும் நன்றி. பக்கத்து ஆய்வகத்தில் பெரிலியம் ஜன்னல் ஒன்று கடன் வாங்கி நேற்று பத்து ஷாட் எடுத்தேன். ஆறு மடங்கு காணோம், ஒன்றரைக்கும் கீழே வந்துவிட்டது. வழிகாட்டியிடம் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு ‘சரி, இப்போ எது நிஜம்னு சொல்லு’ என்கிறார்.

பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர்:
இரண்டும்தான் நிஜம், தனித்தனி ஜன்னல் வழியாகப் பார்த்தது. ஒரே ஷாட்டில் இரண்டு டயோடு வைத்து இரண்டு ஃபில்டர் போட்டால் விகிதத்திலிருந்து வெப்பநிலையை ஓரளவு மதிப்பிடலாம், ஆனால் கோடுகள் எங்கே விழுகின்றன என்பதைக் கணக்கில் சேர்க்காமல் அதைச் செய்யாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அந்த அலுமினியத் தாளைக் கழற்றி டார்ச் மேல் வைத்து இருட்டறையில் பாருங்கள், நட்சத்திரம் மாதிரி ஓட்டைகள் தெரிந்தால் லேசர் வெளிச்சமே டயோடுக்குள் போயிருக்கும். தெரியாவிட்டாலும், டயோடின் முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடிச் சில்லை வைத்து ஒரு ஷாட் எடுங்கள். கண்ணாடி இந்த எக்ஸ்-கதிரை முழுக்க நிறுத்தும், லேசர் ஒளியை நிறுத்தாது. அப்போதும் ஆசிலாஸ்கோப்பில் ஏதாவது மேடு தெரிந்தால் பத்து ஷாட்டையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

முதல்வருடம்:
டார்ச் வைத்துப் பார்த்தேன் அண்ணா. மூன்று ஓட்டை.