ஏசிஎல் கிழிஞ்சது தெரிஞ்ச பொறவும் எம்ஆர்ஐ எதுக்கு?

கொடைக்கபடி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என் தம்பிக்கு 22 வயசு. நாங்குநேரி பக்கம் கோயில் கொடைக்கு கபடி ஆடப் போனவன், ரெய்டு போயி திரும்பயில கால் ஊனுன இடத்துலயே நிக்க ஒடம்பு மட்டும் சுத்திட்டு, முட்டிக்குள்ள பட்டுனு சத்தம் கேட்டுச்சுங்கான், வீடு வந்து சேருததுக்குள்ள முட்டி பனங்கா மாதிரி வீங்கிட்டு. பாளையில டாக்டர் காலப் புடிச்சு முன்னால இழுத்துப் பாத்துட்டு ஏசிஎல் ஜவ்வு போயிட்டுன்னுட்டாவ. எக்ஸ்ரேல எலும்பு முறிவு இல்லையாம். ஆனாலும் எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் குடுத்திருக்காவ. "அதான் கையிலயே கண்டுபுடிச்சாச்சுல்லா, பொறவு எதுக்குல இம்புட்டு ரூவா"ன்னு அப்பா கேக்காவ. எனக்கும் பதில் தெரியல. இதுல சித்தப்பா வேற எண்ணெய்க் கட்டு போட்டா சரியாயிரும்னு நிக்காவ.

கொக்கிரகுளத்தான்:
ஒங்க அப்பா கேட்டதத்தான் நானும் அன்னைக்கு கேட்டேன். ஸ்கேன் எடுக்காம கட்டு போட்டு, வீக்கம் வத்தவும் சரியாயிட்டுன்னு பைக் ஓட்டிட்டுத் திரிஞ்சேன். ஒரு வருசம் கழிச்சு ஒரு நாள் கீழ உக்காந்து சாப்ட்டு எந்திரிக்கேன், கால் நீட்ட வரல, பூட்டு போட்ட மாதிரி நின்னுட்டு. அப்புறம் எடுத்த எம்ஆர்ஐல உள்பக்க மெனிஸ்கஸ், அதான் முட்டி எலும்புக்கு நடுவுல உள்ள மெத்த, வாளிக்கைப்பிடி மாதிரி கிழிஞ்சு மூட்டுக்கு நடுவுல வந்து மாட்டிக்கிடக்கு. ஏசிஎல் இல்லாத முட்டி ஒவ்வொரு தடவ நழுவும்போதும் அந்த மெனிஸ்கஸ்தான் அடி வாங்கிருக்கு. தைக்க முடியாத அளவுக்கு நைஞ்சு போனதால வெட்டித்தான் எடுத்தாவ. சித்தப்பாட்ட இதச் சொல்லுங்க.

ஸ்கேன்ரூம்காரன்:
நம்ம ஊர்ல லிகமென்டையும் ஜவ்வுங்கோம், மெனிஸ்கஸையும் ஜவ்வுங்கோம், கொழப்பமே அங்கதான். லிகமென்ட் எலும்பையும் எலும்பையும் கட்டிப் புடிக்க கயிறு, ஏசிஎல் அதுல ஒண்ணு. மெனிஸ்கஸ் ரெண்டு எலும்புக்கும் நடுவுல கெடக்க மெத்த, ஒரு முட்டிக்கு ரெண்டு. டாக்டர் இழுத்துப் பாத்தது கயிறு அந்துட்டான்னு. எம்ஆர்ஐ கேட்டது கயிறோட சேந்து வேற என்னல்லாம் போயிருக்குன்னு பாக்க. புதுசா அடிபட்டவங்களுக்கு வெளிப்பக்க மெனிஸ்கஸ்தான் கூடுதலா கிழிஞ்சிருக்கும், மாசக்கணக்குல இழுத்துப் போட்டா உள்பக்கத்தது போவும். அப்புறம் போன் புரூஸ், அதாவது எலும்புக்குள்ள கன்னிப்போறது. ஏசிஎல் அந்துபோன நேரம் கால் எலும்பு முன்னால நழுவி, வெளிப்பக்கம் அதோட பின்ஓரம் தொட எலும்புல போயி டங்குனு மோதும். எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியாது, எம்ஆர்ஐல கொழுப்ப அமுக்கி எடுக்க படத்துல எலும்புக்குள்ள வெள்ள மேகம் மாதிரி கெடக்கும். ஊசி ஏதும் கெடையாது, ரேடியேசன் கெடையாது, அர மணி நேரம் ஆடாம படுக்கணும் அவ்வளவுதான். தம்பி வெள்ளி அரணாக்கொடி போட்டிருந்தா வீட்லயே கழட்டிட்டு வரச் சொல்லுங்க, இங்க வந்து கழட்ட வரலன்னு நிப்பாங்க, தெனம் ஒருத்தராது!

பிசியோ_வண்ணாரப்பேட்டை:
ஸ்கேன்ல இல்லன்னா இல்லவே இல்லன்னும் நெனைக்கப்பிடாது. உள்பக்க மெனிஸ்கஸ் பின்னால மூட்டுச் சவ்வோட ஒட்டுத இடத்துல கிழிஞ்சா ராம்ப் லீசன்ம்பாவ. ஸ்கேன்ல கால நீட்டிப் படுக்கதால அந்த வாய் மூடிக்கிடும், படத்துல தப்பிச்சிரும். அதனால நல்ல சர்ஜன் கேமராவ விட்டு பின்பக்கமும் எட்டிப் பாத்துட்டுத்தான் வருவாவ. இன்னொண்ணு, முட்டியோட வெளிப்பக்க பின் மூலையில உள்ள லிகமென்ட்டுகள். அது போனது தெரியாம ஏசிஎல் மட்டும் வச்சா, மொத்த பாரமும் புது ஜவ்வு மேல விழுந்து அதுவும் போயிரும். ரிப்போர்ட்ட மட்டும் வாங்கிட்டு ஓடாதீய, ஃபிலிம், சிடி எல்லாம் கேட்டு வாங்குங்க.

கொடைக்கபடி:
நேத்து எடுத்தாச்சு. ஏசிஎல் முழுசா போயிட்டு, வெளிப்பக்க மெனிஸ்கஸோட பின்பக்கத்துல கிழிசல், போன் புரூஸ் இருக்கு, எம்சிஎல்ங்க உள்பக்க லிகமென்ட்ல லேசான அடி, கிரேடு 1. எம்சிஎல் தானா ஆறிரும், ஆபரேசன்ல மெனிஸ்கஸையும் சேத்து தச்சிருதோம், அதுக்கு முன்ன வீக்கம் வத்தி முட்டி நல்லா மடங்கி நீளணும்னு டாக்டர் சொல்லுதாவ. அப்பாட்ட ஃபிலிம ஜன்னல் வெளிச்சத்துல காட்டினேன், வெள்ளையா இருக்க எடத்தத் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, உள்ள போயி காப்பீட்டு அட்டையத் தேடுதாவ. ஒரே ஒரு சந்தேகம், மெனிஸ்கஸ் தச்சா கொஞ்ச நாளைக்கு குத்தவைக்கப்பிடாதாமே, எங்க வீட்ல பழைய கக்கூஸ்தான்.

கொக்கிரகுளத்தான்:
நடுவுல ஓட்ட போட்ட கமோடு சேர் மெடிக்கல் கடையில கெடைக்கும் வே. என்கிட்டயே ஒண்ணு பரண்ல கெடக்கு, வந்து எடுத்துட்டுப் போரும்.