ஹைபிரிட் கார் லிட்டருக்கு 16 தான் தருகிறது: கோளாறு வண்டியிலா, என்னிடமா?

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். ஹைபிரிட் எஸ்யூவி (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது) வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. லிட்டருக்கு 27 கிலோமீட்டருக்கு மேல் என்று விளம்பரம். போன முறை டேங்கை நிரப்பி, 412 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன், 25.1 லிட்டர் பிடித்தது. கணக்குப் போட்டால் 16.4. வண்டியின் திரையோ கூசாமல் 18.2 காட்டுகிறது.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர். வீடு திரும்பிக் குளித்து, ஒரு மணி நேரம் கழித்து கிண்டி அலுவலகத்துக்கு எட்டு கிலோமீட்டர். ஏசி எப்போதும் 21-இல். மிச்சம் பிடிக்க என்னால் ஆனதைச் செய்கிறேன்: மேம்பாலம் இறங்கும்போதும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரலில் போட்டு உருட்டிவிடுகிறேன். சர்வீஸில் "ஓட ஓட மைலேஜ் ஏறும்" என்கிறார்கள். பின்சீட்டுக்கு அடியில் ஏதோ இரைகிறது என்று மகள் வேறு சொல்கிறாள்.

டீசல் பக்தன்:
அந்தப் பணத்துக்கு நல்ல டீசல் வண்டியே வாங்கியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
வாங்கிய பிறகு இந்த யோசனை எதற்கு?

நண்பரே, விளம்பர எண் ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்தது. சுமார் இருபது நிமிட ஓட்டம், உச்ச வேகமே 90, ஏசி கிடையாது. அந்த எண்ணை இரண்டு வண்டிகளை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் போட வேண்டாம். இன்னொன்று, பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலோடு பார்த்தால் ஏறக்குறைய 7 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. டயர் காற்று பார்த்தீர்களா?

பழைய மெக்கானிக்:
தம்பி, முதலில் அந்த நியூட்ரலை விடுங்கள். பழைய கியர் வண்டிப் பழக்கம் அது. ஹைபிரிட்டில் காலைத் தூக்கினாலும் பிரேக்கை மெல்ல மிதித்தாலும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். நியூட்ரலில் அந்த இணைப்பே இல்லை. மேம்பாலத்தில் ஏற பெட்ரோல் செலவழித்துவிட்டு, இறங்கும்போது திரும்பி வரவேண்டியதை வேண்டாம் என்கிறீர்கள். தவிர, நின்ற வண்டியில் ஏசி பேட்டரியைத்தான் உறிஞ்சும். பல வண்டிகளில் நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பேட்டரி ஏறாது. வண்டி நகர்ந்ததும் அந்தப் பாக்கிக்காக எஞ்சின் ஓடியாக வேண்டும்.

இரண்டாவது, பள்ளிப் பயணம். எஞ்சின் ஆறியிருந்தால், பேட்டரி நிறைந்திருந்தாலும் அது ஓடியே தீரும். தானும் சூடாக வேண்டும், புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் சூடாக வேண்டும். சூடேறி முடிவதற்குள் உங்கள் இரண்டு கிலோமீட்டர் முடிந்துவிடுகிறது. குளித்துவிட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அந்த இரைச்சல் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றாடி. பின்சீட்டின் ஓரத்தில் கம்பிவலை போட்ட துவாரம் இருக்கும். அதன்மேல் ஏதாவது கிடக்கிறதா?

மடிப்பாக்கத்தான்:
ஐயா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் தூங்க விரித்த பஞ்சு மெத்தை துவாரத்தை முழுதாக மூடியிருக்கிறது! டயரிலும் காற்று குறைவு: 33 இருக்க வேண்டிய இடத்தில் 27.

பழைய மெக்கானிக்:
மெத்தையை எடுங்கள். பேட்டரி சூடானால், அதில் மின்சாரம் ஏறுவதையும் அதிலிருந்து எடுப்பதையும் வண்டியின் கணினி குறைத்துவிடும். சுமை எஞ்சின் தலையில் விழும். ஆனாலும் நியூட்ரலும் குறும்பயணமும்தான் அதிகம் தின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

நாகர்கோவில்காரி:
எனக்கும் ஹைபிரிட்தான். ஊருக்குள் 22 தரும் வண்டி, நான்குவழிச் சாலையில் 110-இல் போனால் 17-க்கு இறங்குகிறது. 80-இல் பிடித்தால் மறுபடி 22. மற்ற கார்கள் எல்லாம் நெடுஞ்சாலையில்தான் நன்றாகத் தரும், இது நேர்மாறு என்று வீட்டில் கேலி. பிரேக்கே போடாத சாலையில் பேட்டரிக்கு என்ன வேலை? வேகம் கூடினால் காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று மகன் வகுப்பே எடுத்துவிட்டான்.

மடிப்பாக்கத்தான் (ஐந்து வாரம் கழித்து):
முடிவைச் சொல்ல வந்தேன். நியூட்ரலை விட்டுவிட்டேன், கைதான் இன்னும் கியரைத் தேடுகிறது. ஏசி 25. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அலுவலகம். குளியல் ஐந்தரை மணிக்கே. அதே பங்கு, அதே பம்பு: 530 கிலோமீட்டருக்கு 25.4 லிட்டர், அதாவது 20.9. திரை 22.6 என்கிறது, அது திருந்தவில்லை. இரைச்சல் குறைந்தாலும் முழுதாக நிற்கவில்லை. துவாரத்தின் வடிகட்டியில் தூசி இருக்குமோ, ஐயா?

பழைய மெக்கானிக்:
ஐந்து மாதம் மெத்தைப் பஞ்சை உறிஞ்சியிருக்கிறதே, இல்லாமல் இருக்குமா? அடுத்த சர்வீஸில் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். சொன்னால் மட்டும் செய்யமாட்டார்கள்.