புதுப்பிப்பு: ஹாட் பேக்கும் மூன்று மடிப்புத் துண்டும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பெங்களூரில் பிசியோதெரபி படிக்கிறேன், செய்முறை வகுப்பில் ஹாட் பேக் (வெந்நீர்த் தொட்டியில் சூடாக்கி, துண்டில் சுற்றி வைக்கும் ஒத்தடப் பை) வைத்ததில் நண்பனின் முதுகு திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது, எங்கே தப்பு என்று.

துண்டில்தான். தொட்டித் தண்ணீரே 70 டிகிரிக்கு மேல் இருக்கும். துண்டு ஆறு முதல் எட்டு மடிப்பு வேண்டும், நான் மூன்றோடு நிறுத்தியிருக்கிறேன். போதாததற்கு அவன் பேக்கின் மேலேயே மல்லாந்து படுத்திருந்தான். உடல் எடையில் துண்டு நசுங்கிவிடும், சூடு வெளியேறவும் வழியில்லை. இப்போது குப்புறப் படுக்கவைத்து மேலே வைக்கிறேன். ஐந்து நிமிடத்தில் தூக்கித் தோலைப் பார்த்துவிடுகிறேன். (நண்பன் நலம். டீ செலவு என் தலையில்.)

ஐஸ் மசாஜ் சுலபம்தான்: முதலில் குளிரும், அப்புறம் எரியும், வலிக்கும், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் நிறுத்த வேண்டும்.

நேற்று அல்சூரிலிருந்து ஒரு பாட்டி வந்தார், பல வருடச் சர்க்கரை. கண்ணை மூடச் சொல்லி, வெந்நீர் நிரப்பிய சோதனைக் குழாயையும் (டெஸ்ட் ட்யூப்) குளிர்நீர் நிரப்பியதையும் பாதத்தில் மாற்றி மாற்றி வைத்தேன். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு தம்பி" என்றார். சூடு தெரியாதவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாதே, சார் ஒத்தடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பயிற்சி மட்டும்.