அங்குவிலாவுக்குப் பாதி வருமானம் டாட் ஏஐ-யிலா? யார் சொன்னது?

பேரேடு:
புதுத்தொழில் இழையில் கடலோடி சார் போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "கரீபியனில் அங்குவிலா என்று ஒரு பிரிட்டிஷ் தீவு. டாட் ஏஐ என்று முடிகிற இணைய முகவரி விற்றே பாதி வருமானம். மக்களுக்கு வரி இல்லை, அரசாங்கத்துக்கு வேலை இல்லை." அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு.

பாதி எந்தக் கணக்கில் வருகிறது? 2023-இல் டாட் ஏஐ மூலம் அந்த அரசுக்கு வந்தது சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர். அரசின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2024-இல் சுமார் 3.9 கோடி, அதாவது 23 சதவீதம். கால் பங்குகூட இல்லை. பாதி எங்கே?

கடலோடி:
வந்துவிட்டாரய்யா ஆடிட்டர்! பேச்சுவாக்கில் சொன்னதற்கு ஒரு தனி இழையா? மொத்தம் 91 சதுர கிலோமீட்டர், ஆள் பதினைந்தாயிரம் சொச்சம். 3.9 கோடி டாலர் என்றால் தொட்டில் குழந்தை உட்பட தலைக்கு 2,500 டாலர் வருகிறது. இதில் பாதி என்றால் என்ன, கால் என்றால் என்ன? 1995-இல் ஏஐ என்ற ரெண்டெழுத்து இணையக் குறியீடு கைக்கு வந்தது, 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது, ஏஐ கம்பெனிகள் எல்லாம் அந்த முகவரிக்கு அலைந்தன, லாட்டரி அடித்தது. விஷயம் அவ்வளவுதான்.

பேரேடு:
உங்கள் சம்பளத்தில் கால் பங்கு பிடித்தாலும் பாதி பிடித்தாலும் ஒன்றுதானா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் சார்.

"வரி இல்லை" என்பதற்கும் வருகிறேன். வருமான வரி இல்லை, சரி. ஆனால் அந்தத் தீவில் சமையல் எண்ணெயிலிருந்து சிமெண்ட் வரை கப்பலில்தான் வந்து இறங்குகிறது, இறங்கிய இடத்திலேயே சுங்க வரி. 2011-இல் சம்பளத்தில் பிடிக்கிற ஒரு 'இடைக்கால' வரி போட்டார்கள். 2022 ஜூலையில் 13 சதவீத ஜிஎஸ்டி. அதன்மேல் இருந்த கோபம் 2025 பிப்ரவரித் தேர்தல் வரைக்கும் ஓடியது. எதிர்க்கட்சி 11-இல் 8 இடம் பிடித்து, கோரா ரிச்சர்ட்சன்-ஹாட்ஜ் முதல் பெண் பிரீமியர், அதாவது அரசின் தலைவர், ஆனார். வரியே இல்லாத ஊரில் வரியை வைத்து எப்படி சார் தேர்தல் நடக்கும்?

உப்பளத்துக்காரி:
ஒரு நிமிடம். பேரேடு சொல்வது அரசின் வருமானத்தில் பங்கு. கடலோடி பேசுவது தீவின் பொருளாதாரத்தைப் பற்றி மாதிரி இருக்கிறது. ரெண்டும் ஒன்றில்லை. பொருளாதாரம் என்று பார்த்தால் அங்கே சுற்றுலாதான் எல்லாம். ஷோல் பே கடற்கரை, மேட்டுக்குடி ஹோட்டல்கள், அமெரிக்காவிலிருந்து வருகிற பணக்காரர்கள். எதில் பாதி, எதில் கால் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அடித்துக்கொள்ளலாமே?

கடலோடி:
அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் அம்மா. ஒரே ஒரு டாட் ஏஐ பெயர் லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அதையெல்லாம் சேர்த்தால் பாதி என்ன, பாதிக்கு மேலேயே போகும்.

பேரேடு:
சேர்க்க முடியாது! ஒருவர் பதிந்து வைத்த பெயரை இன்னொருவருக்கு விற்றால் அந்தப் பணம் விற்றவருக்கு. தீவுக்கு ஒரு காசு போகாது. தீவுக்குப் போவது பதிவுக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும்தான். குறைந்தது ரெண்டு வருடத்துக்குப் பதிய வேண்டும், 2024-இல் ரெண்டுக்கும் சேர்த்து 140 டாலர். யாரும் புதுப்பிக்காமல் விட்ட பெயர்களை ஏலம் விட்டால் அதிலிருந்தும் கொஞ்சம் வரும். இதையெல்லாம் சேர்த்துத்தான் 2024-இல் 23 சதவீதம். பாதி இல்லை.

மேலமாசிவீதி:
140-ஆ? எங்கள் கம்பெனிக்கு வாங்கும்போது அதைவிட எவ்வளவோ அதிகம் கறந்தார்கள்.

பேரேடு:
இடைத்தரகர் லாபம் தம்பி. அதுவும் தீவுக்கு இல்லை.

செஞ்சுருட்டி:
பேரேடு அண்ணன் என்னமோ அங்குவிலா தன் காலில் நிற்கிற மாதிரி பேசுகிறார். கவர்னரை அனுப்புவது லண்டன். போலீஸ், பாதுகாப்பு, வெளியுறவு எல்லாம் அவர் கையில். கடன் வாங்கக்கூட லண்டன் தலையாட்ட வேண்டும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஆஸ்பத்திரிக் கூரை முதல் படகுத்துறை வரை பிய்த்துப் போட்டபோது பிரிட்டன்தான் 6 கோடி பவுண்டு கொடுத்தது. கையில் நாணயம்கூடச் சொந்தம் இல்லை. இதற்குப் பெயர் அரசாங்கமா?

பேரேடு:
நாணயம் சொந்தம் இல்லைதான். கிழக்குக் கரீபியன் டாலர், 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டிப் போட்டது. அதை அச்சிடும் மத்திய வங்கி இருப்பது இன்னொரு கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸில், பாசெட்டேர் என்ற ஊரில். எந்தத் தீவோடு சேர்ந்திருக்கவே மாட்டோம் என்று 1967-இல் அதன் போலீஸ்காரர்களைத் தீவைவிட்டே விரட்டினார்களோ, அதே தீவில்! 2013-இல் அங்குவிலாவின் சொந்த வங்கிகள் இரண்டும் ஆட்டம் கண்டபோது உள்ளே வந்து சாவியை வாங்கிக்கொண்டதும் அதே மத்திய வங்கிதான்.

அரசாங்கத்துக்கு வேலை இல்லையாம்! 2024-இல் டாட் ஏஐ நிர்வாகத்துக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார்களே, அது எதற்கு? அடுத்த இர்மா வந்து தீவில் மின்கம்பம் சாய்ந்தால் உலகம் முழுக்க டாட் ஏஐ படுத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். 2024-இல் 23 சதவீதம் வந்த இடம் அது. திரும்பச் சொல்கிறேன், 23.

கடலோடி:
திரும்பத் திரும்பச் சொன்னால் சரியாகிவிடுமா? லட்சத்தீவு இழையிலும் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கினீர்கள், மட்டுறுத்துநர் வந்து பூட்டினார். அன்றைக்கு என்னை "வாட்சப் பொருளாதார மேதை" என்றீர்கள். மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

பேரேடு:
அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன்.

உப்பளத்துக்காரி:
நான் கேட்டதற்கு ரெண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

மேலமாசிவீதி:
டாட் ஐஓ என்று முடிகிற முகவரியும் இப்படித்தானே? அதுவும் பிரிட்டிஷ் தீவுகள்தானே?

செஞ்சுருட்டி:
அதைப் பேசாதீர்கள், வயிறு எரியும். இந்தியப் பெருங்கடலில் இருக்கிற சாகோஸ் தீவுகளின் மக்களை 1968 முதல் 1973 வரைக்கும் மூட்டை கட்டி வெளியேற்றிவிட்டு அங்கே டியாகோ கார்சியா தீவை அமெரிக்கப் படைத்தளமாக்கினார்கள். அந்தத் தீவுகளின் பேரில் டாட் ஐஓ விற்றவர்கள் விற்றார்கள், சாகோஸ்காரர்களுக்கு என்ன வந்தது? 2021-இல் படகு பழுதாகி அங்கே போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்கள் கூடாரத்தில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். இதுதான் பிரிட்டிஷ் தீவு நிர்வாகம்.

பேரேடு:
சாகோஸ் வேறு. அங்கே குடிமக்களையே அப்புறப்படுத்திவிட்டார்கள். அங்குவிலாவில் மக்கள் லண்டனை மல்லுக்கட்டி வரவழைத்தார்கள். 1967 ஜூலையில் செயின்ட் கிட்ஸை விட்டுப் பிரிவதா என்று ஓட்டெடுப்பு: ஆதரவு 1,813, எதிர்ப்பு 5. 1969 மார்ச்சில் பாராசூட் படையினரும் லண்டன் போலீஸாரும் வந்து இறங்கினார்கள், சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. தீவுக்காரர்கள் கேட்டதே நேரடி பிரிட்டிஷ் ஆட்சிதான். 1980 டிசம்பரில் முறைப்படி தனிப் பிரதேசம் ஆனார்கள். அடிமைத்தனம் என்று நாம் இங்கே உட்கார்ந்து முடிவு கட்டுவதற்கு முன் அவர்களையும் கேட்க வேண்டாமா?

செஞ்சுருட்டி:
1,813-க்கு 5! எங்கள் ஊர்க் கூட்டுறவு சங்கத் தேர்தலில்கூட இப்படி ஓட்டு விழாது அண்ணே. அதை நம்புகிறீர்கள், கடலோடி சொன்ன பாதியை நம்ப மாட்டீர்களா?

பேரேடு:
1969 பிப்ரவரியில் மறுபடி ஓட்டெடுத்தார்கள், குடியரசு ஆவதா என்று. 1,739-க்கு 4. அதையும் நம்ப வேண்டாம்.

கடலோடி:
பார்த்தீர்களா? குடியரசு கேட்டு ஓட்டுப் போட்டார்கள் என்று அவரே சொல்கிறார். மேலே பிரிட்டிஷ் ஆட்சி கேட்டார்கள் என்றதும் அவரேதான். எது உண்மை?

பேரேடு:
லண்டன் செயின்ட் கிட்ஸ் பக்கமே சாய்ந்ததால் வந்த கோபம் அது. இதற்கும் பாதிக்கும் என்ன சம்பந்தம்? 2024 வருமான அட்டவணையை அப்படியே தட்டச்சு செய்து நாளைக்குப் போடுகிறேன்.

செஞ்சுருட்டி:
ஐயோ, அட்டவணை வேண்டாம் அண்ணே.

கடலோடி:
போடட்டும், போடட்டும். லட்சத்தீவு அட்டவணையே இன்னும் வரவில்லை.