ஆன்லைன் படிப்பில் பிள்ளை தோற்றால் கல்லூரிக்கும் பங்கு உண்டா?

சாட்ஸ்வர்த் அக்கா:
என் மகன் டிகிரி இரண்டாம் வருடம், முழுக்க ஆன்லைன். பகலில் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் உம்லாங்காவில் கால் சென்டர் வேலை, ராத்திரி படிப்பு. போன செமஸ்டரில் ஐந்து மாட்யூலில் மூன்று போச்சு. அதில் ஒன்று போன கதையைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். அசைன்மென்டைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாடியே ஏற்றிவிட்டான். ஏற்றினால் மட்டும் போதாதாம், அப்புறம் இன்னொரு பட்டனையும் அழுத்த வேண்டுமாம். இவன் அழுத்தவில்லை. 'டிராஃப்ட்' என்று சின்ன எழுத்தில் நாலு வாரம் அப்படியே நின்றிருக்கிறது. அதைப் பார்த்து ஒரு வரி எழுதிக் கேட்க அங்கே ஆள் இல்லை. மார்க் பூஜ்யம். மாட்யூலுக்கு இவ்வளவு என்று கட்டிய காசைத் திரும்பவும் கட்ட வேண்டும். கல்லூரிதான் பிள்ளையைத் தேடி வர வேண்டும் என்கிறேன் நான். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிரிட்டோரியா வாசி:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பையனுக்கு இருபது வயது இருக்குமே? பட்டனை அழுத்தினோமா என்று பார்ப்பது அவன் வேலைதான். நான் பி.காம் படித்த காலத்தில் பாடம் தபாலில் கட்டுக்கட்டாக வரும், விடையை எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவோம், திருத்தித் திரும்பி வர மாதக்கணக்காகும். யூனிசா, அதுதான் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், 1946லிருந்து அப்படித்தான் பாடம் நடத்தியது. மண்டேலா சிறையில் இருந்தபடி சட்டம் படித்து முடித்தார். அவர் கையில் டேட்டாவா இருந்தது, வைஃபையா இருந்தது? மனசு இருந்தது, படித்தார். இப்போது பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஊட்டிவிடச் சொல்கிறோம்.

டோங்காட் டீச்சர்:
மண்டேலாவை இழுத்துவிட்டீர்கள், சரி, முழுக் கதையையும் சொல்லிவிடுவோம். அவர் எல்.எல்.பி. தொடங்கியது 1943இல், விட்ஸ் பல்கலைக்கழகத்தில். முடித்தது 1989இல், யூனிசாவில். நடுவே நாற்பத்தாறு வருடம். அக்கா மகனுக்கும் அவ்வளவு அவகாசம் கொடுப்பார்களா? இன்னொன்று, அவர் சிறையிருந்த ராபன் தீவில் யாரும் தனியாக உட்கார்ந்து படிக்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார், சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைக்கும்போதுகூட. நம் பிள்ளைகளிடம் இல்லாதது அதுதான், பக்கத்தில் ஒரு ஆள்.

நான் ஆன்லைனில் டியூட்டராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் எடுத்த கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பாடப் பதிவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதே மாணவர் நேர் வகுப்பில் எடுக்கும் மார்க்கைவிட ஆன்லைனில் குறைவாக எடுக்கிறார். எல்லோருக்கும் இறங்குகிறது, ஆனால் வயதில் சின்னவர்கள், ஆண் பிள்ளைகள், ஏற்கெனவே மார்க் குறைவாக உள்ளவர்கள், கறுப்பின மாணவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் இறங்குகிறது. வயதில் மூத்தவர்கள் அவ்வளவாகச் சறுக்கவில்லை. பிரிட்டோரியா அண்ணா, நீங்கள் தபாலில் பி.காம் முடித்தபோது உங்களுக்கு என்ன வயது?

பிரிட்டோரியா வாசி:
முப்பத்தொன்று. பிடித்துவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கல்லூரி தாயாக மாற முடியுமா? யூனிசாவில் மட்டும் மூன்று லட்சம் பேருக்கு மேல் படிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு போன் போட்டாலும் அதற்கு எத்தனை பேர் சம்பளத்துக்கு வேண்டும், அந்தக் காசு யார் தலையில் விழும்? நம் ஃபீஸில்தான். அதற்குப் பையனை உட்காரவைத்து ஒரு டைம்டேபிள் போடச் சொல்லுங்கள். காசும் ஆகாது.

டோங்காட் டீச்சர்:
டைம்டேபிளையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் அண்ணா. ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு நடத்திய ஆன்லைன் பாடங்களில் இரண்டரை லட்சம் பேரிடம். 'எப்போது படிப்பீர்கள், எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள், திட்டம் எழுதுங்கள்' என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள். முதல் சில வாரம் நன்றாக ஓடியது. பாடத்தை முடித்தவர்கள் எண்ணிக்கையோ கூடவில்லை. 2020இல் வெளிவந்த முடிவு இது. புரட்டாசி முதல் நாள் வீட்டில் எல்லோரும் மரக்கறிதான் என்று சத்தியம் செய்வோமே, மூன்றாம் வாரம் ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் கடையில் யார் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ராத்திரி ஷிஃப்ட்:
நான் அந்தக் கடையில் நின்ற ஆள்தான், ஹஹா. நானும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன், டர்பன் ஃபீனிக்ஸில். 2023இல் லோட் ஷெட்டிங், அதாவது ஏரியா ஏரியாவாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது எங்கள் ஏரியாவில் ஒரு தடவை போனால் இரண்டு மணி நேரம், ஒரு நாளில் மூன்று தடவை. கரண்ட் போனதும் ரூட்டர் செத்துவிடும், கொஞ்ச நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்து போனிலும் சிக்னல் இருக்காது. ஆன்லைன் குவிஸ் நடுவில் இப்படி ஆனதும் எழுதினேன், 'விதிப்படி மறு வாய்ப்பு இல்லை' என்று ஒரே வரியில் பதில். அண்ணா சொல்லும் மனசு எனக்கு நிறையவே இருந்தது, பேட்டரிதான் இல்லை. ஆனால் டீச்சர், கூப்பிட்டுப் பேசினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு 'அன்புள்ள மாணவரே' என்று வாரம் நாலு இ-மெயில் வருகிறது. ஒன்றையும் திறப்பதில்லை.

டோங்காட் டீச்சர்:
திறக்க மாட்டீர்கள், எனக்கே தெரியும், அதை அனுப்புவது மெஷின். நான் சொல்வது பெயர் சொல்லிக் கூப்பிடுவது. நியூயார்க் நகரக் கல்லூரிகளில் ஒரு திட்டம் உண்டு, ஏசாப் என்று பெயர், 2007இல் தொடங்கியது. ஓர் ஆலோசகருக்கு அறுபதிலிருந்து எண்பது மாணவர், அடிக்கடி நேரில் பார்த்தே ஆக வேண்டும், பஸ்-ரயில் பாஸும் பாடப்புத்தகமும் இலவசம். மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் நூற்றுக்கு நாற்பது. திட்டத்தில் இல்லாதவர்களில் இருபத்திரண்டு.

பிரிட்டோரியா வாசி:
அது நேர் வகுப்புத்தானே டீச்சர்? பஸ் பாஸ் கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆன்லைனுக்கு இது எப்படிச் சாட்சியாகும்?

டோங்காட் டீச்சர்:
ஆமாம், நேர் வகுப்புத்தான். அங்கே பஸ் பாஸ் என்றால் இங்கே டேட்டா. மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். என் அனுபவத்தை வேண்டுமானால் சொல்கிறேன். இரண்டாவது வாரம் முடிந்தும் உள்ளே நுழையாதவர்களின் பட்டியல் எனக்கு ஒரே கிளிக்கில் வரும். அந்த வாரமே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறேன். 'தம்பி, முதல் யூனிட்டில் மூன்றாவது கணக்கில் எல்லோருமே சறுக்குகிறார்கள், நீ பார்த்தாயா?' என்று, அவ்வளவுதான். பாதிப் பேர் பதில் போடுகிறார்கள். பத்தாவது வாரம் அனுப்பிப் பார்த்திருக்கிறேன், அப்போது ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று லட்சம் பேருக்கும் போன் போடத் தேவையில்லை அண்ணா, அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போட்டால் போதும். அக்கா மகன் டிராஃப்டும் இப்படி ஏதோ ஒரு பட்டியலில் இருந்திருக்கும், பார்க்கத்தான் ஆள் வைக்கவில்லை.

பிரிட்டோரியா வாசி:
பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவது என்றால் சரி, அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் கெடுவை எல்லாம் தளர்த்துங்கள் என்று அடுத்தபடியாக யாராவது வந்தால் சண்டைதான்.

ராத்திரி ஷிஃப்ட்:
நான் வருகிறேன் அடுத்து. கரண்ட் போனதற்கு 48 மணி நேரம் கொடுத்தால் யார் குடி முழுகும்?

பிரிட்டோரியா வாசி:
48 மணி கொடுத்தால் 47வது மணியில்தான் தம்பி தொடங்குவாய். நானும் பையனாக இருந்தவன்தான்.

சாட்ஸ்வர்த் அக்கா:
நீங்கள் இங்கே அடித்துக்கொண்டிருக்கும்போது மகனைக் கூப்பிட்டுப் படிக்கவைத்தேன். வாஷிங்டன் கணக்கைப் பார்த்து 'நான் மட்டும் இல்லையா அம்மா' என்றான், அதில் ஏன் அவ்வளவு சந்தோஷமோ தெரியவில்லை. ஃபீனிக்ஸ் தம்பி, நீயும் அவனும் ஒரே மாட்யூல் என்றால் சனிக்கிழமை இங்கே வா, கோயில் மண்டபம் காலையில் காலிதான், இன்வெர்ட்டரும் இருக்கிறது. டீச்சர், அந்த மூன்றாவது கணக்கை அனுப்பிவிடுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:
வருகிறேன் அக்கா. சாப்பாடு மரக்கறியா?

சாட்ஸ்வர்த் அக்கா:
புரட்டாசியில் வேறென்ன போடுவேன்.