அண்டார்டிகாவில் பறவைக் காய்ச்சல்: கோழியே இல்லாத ஊருக்கு எப்படிப் போனது?

புதன்சந்தை_பண்ணை:

வணக்கமுங்க. நாமக்கல் பக்கம் லேயர் பண்ணை, அதாவது முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம், அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கடற்கரை முழுக்க யானை சீல் என்ற பெரிய கடல் விலங்கின் குட்டிகள் செத்துக் கிடக்கின்றன, காரணம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் என்கிறாள். இது துருவத்துப் பக்கமும் போய்விட்டது, அண்டார்டிகாவிலேயே பறவைகள் செத்திருக்கின்றன என்று அவள் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. இந்தப் பெயரைக் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆலப்புழா பக்கம் வாத்து செத்தது என்று டிவியில் வந்தால் போதும், இங்கே முட்டை விலை இறங்கும், வாளையார் செக்போஸ்ட்டில் லாரிக்கு மருந்து அடிப்பார்கள், ஷெட் பக்கம் வெளியாள் ஒருத்தரையும் விட மாட்டோம்.

எனக்குப் புரியாதது இதுதான். அங்கே கோழியும் இல்லை, தீவன லாரியும் இல்லை, ஆளே இல்லை, பிறகு எப்படிப் போனது? அந்தக் குளிரில் கிருமி செத்துவிடாதா? இங்கே ஒரு இடத்தில் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிற கோழி, வாத்து எல்லாவற்றையும் அழித்துக் குழியில் புதைக்கிறார்கள், அங்கே இருக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்கிறார்கள், வேடிக்கை பார்க்கத்தான் முடியுமா? மகள் படித்து முடித்துவிட்டு இந்த மாதிரி கடல் பறவை ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். நம் ஊரிலிருந்து அதற்கு வழி இருக்கிறதா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ராசிபுரம்_டாக்டர்:

தம்பி, நோய்ப் பக்கத்தை நான் சொல்கிறேன். பறவைப் பக்கத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கொண்டு போனது காட்டுப் பறவைகள்தான். ஆனால் பிறந்த இடம் பண்ணை, அதை நம் தொழிலில் இருப்பவர்கள் மறைக்கக் கூடாது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றும் இந்த எச்5 வகையின் மூதாதையை 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணையில் வளர்த்த கூஸ் வாத்துகளில்தான் முதலில் பிரித்தெடுத்தார்கள். 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் காட்டு நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்தன, அதோடு அது வலசைப் பறவைகளின் நோயாகவும் ஆகிவிட்டது. 2021 கடைசியில் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கனடா, 2022இல் பெரு, சிலி என்று தென் அமெரிக்கக் கரையோரமாகவே இறங்கியது. 2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் ஏறக்குறைய 17,000 யானை சீல் குட்டிகள் செத்தன, அந்த ஆண்டு பிறந்ததில் மிஞ்சியது சொற்பம். உங்கள் மகள் காட்டியது அந்த வீடியோவாக இருக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில், தென் அட்லாண்டிக் கடலில் இருக்கிற தெற்கு ஜார்ஜியா தீவை ஒட்டிய பேர்ட் தீவில் பழுப்பு ஸ்குவா என்ற பறவையில் உறுதி செய்தார்கள். குளிர்காலத்தில் தென் அமெரிக்கப் பக்கத்துக் கடலில் இரை தேடிவிட்டு, முட்டையிடத் திரும்பி வந்த பறவைகள் அவை. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா நிலப்பரப்பிலேயே, அர்ஜென்டினாவின் பிரிமவேரா தளத்தின் அருகே. அதுவும் ஸ்குவாதான்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த வைரஸுக்குச் சூடுதான் ஆகாது, 70 டிகிரியில் சமைத்தால் போய்விடும். குளிர்ந்த தண்ணீரிலும் எச்சத்திலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உறைந்த பிணத்தில் இன்னும் அதிக நாள்.

நம் பண்ணைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அண்டார்டிகா ஒப்பந்த நாடுகள் 1991இல் மாட்ரிட்டில் ஒரு சுற்றுச்சூழல் உடன்பாடு போட்டன, 1998இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உயிருள்ள கோழியையோ வேறு எந்தப் பறவையையோ அங்கே கொண்டு போகவே கூடாது. உரித்த கோழியாக இருந்தாலும் நியூகாசில் நோய், அதாவது நம் வெள்ளைக் கழிச்சல், போன்றவை அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களைக்கூட 1994க்குள் வெளியேற்றிவிட்டார்கள். இவ்வளவு இருந்தும் 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள்: அண்டார்டிகாவில் அவர்களுடைய மாசன் தளம் பக்கத்துப் பேரரசப் பென்குயின் குஞ்சுகளின் ரத்தத்தில், கோழிக் குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கிற கம்போரா வைரஸுக்கு எதிரணுக்கள் இருந்தன. கம்போரா என்றால் என்ன என்று நாமக்கல்லில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பென்குயினுக்கு அது எப்படி வந்தது என்று நிரூபிக்க முடியவில்லை, ஆனால் மனிதர்கள் சரியாக அப்புறப்படுத்தாத கோழிக் கழிவின் மேல்தான் சந்தேகம் போனது. படித்த நாளிலிருந்து இது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆனைகட்டிக்காரி:

டாக்டர் ஐயா கம்போராவைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி, பறவை ஆய்வில் இருக்கிற எங்களில் பலருக்கே அது தெரியாது.

அண்ணா, நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, ஏன் அழிப்பதில்லை என்பது. பண்ணையில் ஒரு பேட்ச் போனால் எவ்வளவு வலியும் நட்டமும் என்றாலும் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்க முடிகிறது. உங்கள் கோழி ஒன்று வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். பேர்ட் தீவில் கூடு கட்டும் அலையும் ஆல்பட்ராஸ், 3 மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கிற பறவை, இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் பத்து வயது வாக்கில்தான் தொடங்கும். ஸ்குவா இரண்டு முட்டை இடும், ஆனால் ஐந்தாறு வயது ஆக வேண்டும். யானை சீல் ஆண்டுக்கு ஒரு குட்டி. இப்படிப்பட்ட உயிர்களில் வளர்ந்த பறவை ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்பப் பல வருஷம் ஆகும், அதனால் பிழைத்துத் தானாக எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளக்கூடிய ஒவ்வொன்றும் அங்கே பொக்கிஷம். நோய் தடுக்கிறேன் என்று கூட்டத்தை அழித்தால் நோய் செய்ய வேண்டியதை நாமே செய்தது போல ஆகிவிடும். அழிக்க நினைத்தாலும் பிழைத்தவை பறந்து அடுத்த தீவுக்குப் போகும், கிருமியும் கூடவே போகும்.

ஸ்குவா ஏன் முதலில் மாட்டுகிறது என்றால், அதன் வேலை அப்படி. மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் செய்கிற வேலையை அங்கே ஸ்குவாவும் ராட்சச பெட்ரல் என்ற கடற்பறவையும் செய்கின்றன. செத்த பென்குயின், செத்த சீல் எல்லாவற்றையும் தின்று கரையைச் சுத்தமாக வைத்திருப்பவை. அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய பீக் தீவில் ஒரே ஸ்குவாக் கூட்டத்தில் ஐம்பது வரை செத்துக் கிடந்தன. மொத்த எண்ணிக்கையே குறைவாக இருக்கிற பறவைக்கு இது சின்ன விஷயம் இல்லை. பென்குயின்களிலும் தொற்று கண்டுபிடித்தார்கள், ஆனால் ஆரம்பத்தில் எல்லோரும் பயந்த அளவுக்கு அவை கூட்டமாகச் சாகவில்லை, அது மட்டும் ஆறுதல். யானை சீலுக்கு அந்த ஆறுதலும் இல்லை. தெற்கு ஜார்ஜியாவின் மூன்று பெரிய கரைகளில் 2022க்கும் 2024க்கும் நடுவில் குட்டி ஈன வந்த பெண் சீல்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டதாக ட்ரோன் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த சீல்களின் தலையில் சின்னக் கருவியை ஒட்டித்தான் தென்கடலின் ஆழத்து வெப்பத்தையும் உப்பையும் அளக்கிறார்கள், கப்பல் போக முடியாத பனிக்கு அடியிலெல்லாம் அவை போய் வரும். சீல் குறைந்தால் அந்தக் கடலைப் பற்றிய தகவலும் குறையும்.

சரி, ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் வேலை, தாங்களே கிருமியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது. நீங்கள் ஷெட் வாசலில் கிருமிநாசினித் தண்ணீரில் காலை நனைப்பது போலவே ஒவ்வொரு கரையில் இறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் தரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது. நோய் வந்ததும் தெற்கு ஜார்ஜியாவில் சில கரைகளை மூடினார்கள், பேர்ட் தீவில் பறவையைக் கையால் பிடித்துச் செய்கிற வேலைகளில் பெரும்பாலானதை நிறுத்தினார்கள். அறுபது வருஷமாக ஆல்பட்ராஸுக்கு வளையம் மாட்டிப் பதிவு செய்து வருகிற இடம் அது, அந்தப் பதிவேட்டில் இடைவெளி விழும் என்று தெரிந்தே நிறுத்தினார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அப்புறம் எண்ணுவது. தூரத்திலிருந்து, ட்ரோனிலிருந்து, செயற்கைக்கோளிலிருந்து. பனியில் படிகிற பழுப்பு எச்சக் கறையை வைத்தே பேரரசப் பென்குயின் கூட்டங்களை விண்வெளியிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். அப்படித்தான் 2022இல் பெல்லிங்ஸ்ஹௌசன் கடலில் ஐந்து கூட்டங்களில் நான்கில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை என்று தெரிந்தது. அதற்குக் காரணம் நோய் இல்லை. குஞ்சுக்குத் தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே காலுக்கு அடியில் கடல்பனி உடைந்துபோனது. கிரில் என்று ஒரு உயிர் இருக்கிறது, இறால் போன்றது, 6 சென்டிமீட்டர் வரை வளரும், பென்குயின், சீல், திமிங்கிலம் என்று பலவற்றுக்கும் அதுதான் முக்கியமான சாப்பாடு. அதன் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடல்பனியின் அடிப்பக்கத்துப் பாசியைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. பனி குறைந்தால் கிரிலுக்கு ஆபத்து, கிரில் பிடிக்கிற கப்பல்களும் பென்குயின் இரை தேடுகிற அதே தீபகற்பத்துக் கடலில்தான் சுற்றுகின்றன. பசியில் இருக்கிற கூட்டத்துக்குள் நோயும் நுழைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், தீவனம் சரியில்லாத பேட்ச்சில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

புதன்சந்தை_பண்ணை:

டாக்டரய்யாவுக்கும் அம்மணிக்கும் நன்றிங்க. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கேயிருந்து பறவைகள் நம் பக்கம் வருமா? வந்தால் எங்களுக்குப் பயம்தானே? இன்னொன்று, தடுப்பூசி போட முடியாதா?

வெள்ளோடு_நாரை:

பறவை பார்க்கிறவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் அண்ணா. அண்டார்டிகாவில் கூடு கட்டும் வில்சன் புயல் பெட்ரல் என்ற சின்னப் பறவை நம் மழைக்காலத்தில் அரபிக்கடலுக்கு வருகிறது, படகில் போனால் பார்க்கலாம், ஆனால் இங்கே அது பெரும்பாலும் கரைக்கு வராது. நாமக்கல்லுக்குத் தெற்கிலிருந்து பயம் இல்லை. கவனிக்க வேண்டியது வடக்கு. மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வெள்ளோட்டுக்கும் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும் வருகின்றன. அதற்காகக் குளத்துப் பறவையை விரட்டச் சொல்லவில்லை, தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். குளத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் ஷெட்டுக்குக் கொடுக்காமல் இருப்பதும், வாத்தும் கோழியும் ஒன்றாக வளர்க்காமல் இருப்பதும், பண்ணைக்குப் பண்ணை போகிற வண்டியையும் முட்டை அட்டையையும் கவனிப்பதும்தான் வேலை. செத்த காட்டுப் பறவையைப் பார்த்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்க, மாதிரியை போபாலில் இருக்கிற உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ஆனைகட்டிக்காரி:

தடுப்பூசியைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 2023இல் கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளுக்குப் போட்டார்கள். அவை சில நூறுதான், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, பிடித்துப் போட முடிந்தது. லட்சக்கணக்கில் இருக்கிற பென்குயின் கூட்டத்தில் அது ஆகாது, ஒவ்வொன்றையும் பிடிக்கப் போனாலே முட்டைகள் மிதிபடும்.

உங்கள் மகளுக்கு வழி நிச்சயம் இருக்கிறது, கால்நடை மருத்துவப் படிப்பு இதற்குப் பெரிய பலம். துருவ ஆய்வில் இப்போது தேவைப்படுவதே நோயும் தெரிந்து பறவையும் தெரிந்தவர்கள்தான். முடித்ததும் முதுகலையில் நுண்ணுயிரியலோ வனவிலங்கு மருத்துவமோ எடுக்கலாம், இல்லையென்றால் டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனத்தில் எம்.எஸ்சி. வனஉயிரினப் படிப்புக்கு முயலலாம். அண்டார்டிகாவில் நம் பாரதி தளத்தைச் சுற்றி ஸ்குவாவையும் பனிப் பெட்ரலையும் ஆராய்ந்தவர்கள் அந்த நிறுவனத்துக்காரர்கள். இங்கே ஆனைகட்டியில் இருக்கிற சாலிம் அலி மையமும் இப்போது அதன் கீழ்தான் வருகிறது, லீவு நாளில் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்க. பயணத்தை நடத்துவது கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். தனியாளாக விண்ணப்பிக்கிற விஷயம் இல்லை, நாம் சேர்ந்திருக்கிற நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் தேர்வாக வேண்டும், பிறகு மருத்துவப் பரிசோதனை, உத்தராகண்டில் அவுலி பனியில் பயிற்சி, அதெல்லாம் தாண்டித்தான் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாக அண்டார்டிகா.

இப்போதே தொடங்க வேண்டுமென்றால் நஞ்சராயன் குளத்துக்கு டிசம்பரில் கணக்கெடுப்புக்கு வரச் சொல்லுங்க. தொலைநோக்கி என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, தருகிறேன்.