பையன் கைய உதறிக்கிட்டே இருக்கான், கல்யாண வீட்ல பிடிச்சு நிறுத்தணுமா, விட்றலாமா?

கோட்டையூர்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது, ஆட்டிசம்னு போன வருஷம் மதுரைல டாக்டர் சொல்லிட்டாக. பேச்சு இருக்கு, ஆனா நம்ம கேட்டதையே திருப்பிச் சொல்றது ஜாஸ்தி. நான் கேக்க வந்தது அவன் திரும்பத் திரும்ப செய்ற சில விஷயங்களப் பத்தி.

சந்தோஷம் வந்தா ரெண்டு கையையும் தோள் பக்கம் தூக்கி படபடன்னு உதறுவான். கூட்டம் சத்தம்னா அதே உதறல், ஆனா கூடவே ம்ம்ம்னு ஒரு சத்தம், முகமும் இறுகிப் போயிரும். பக்கத்து வீட்ல பனை ஓலைல கொட்டான் கூடை முடையிறாக, அவுக கழிச்சுப் போடுற ஓலை நறுக்கு ஒண்ணு எப்பவும் கைல வேணும், அத கடைக்கண்ணு பக்கத்துல வச்சு ரெண்டு விரலால உருட்டுவான், உருட்ட உருட்ட ஓலை ஓரம் வெளிச்சம் பட்டு மின்னும் மறையும், அதையே பாத்துக்கிட்டு நிப்பான், நுனி பிஞ்சு நாராயிட்டா அடுத்த நறுக்கு. ஊஞ்சல்ல ஏறுனா எறக்க முடியாது.

வைகாசில கொழுந்தனார் கல்யாணம், அவுக பெரிய வீட்லயே நடக்குது. நாலு பேரு பாப்பாக, அந்த நேரமாவது கையப் பிடிச்சுக்கன்னு அத்தை சொல்றாக. ஸ்கூல்ல மிஸ்ஸும் கை கட்டியே உக்கார வைக்கிறாக. ஒரு தெரபி சென்டர்ல, உதறுறப்பல்லாம் கையப் பிடிச்சு மடில வச்சு அமுக்குங்கன்னாக. அப்படிச் செஞ்சா அவன் கை அடங்குது, ஆனா அடுத்த அரை மணி நேரத்துல பெருசா அழுகை வெடிக்குது.

எனக்கு இன்னொண்ணும் புரியல. வீட்டுக்காரர் கணக்கு பாக்குறப்ப முட்டிய ஆட்டிக்கிட்டே தான் இருப்பாக. நாத்தனார் போன் பேசுனா முந்தானை நுனிய சுருட்டி சுருட்டி விடும். அத்தையே மனசு சரியில்லன்னா ஊஞ்சல்ல உக்காந்து காலால தரையத் தள்ளித் தள்ளி ஆடிக்கிட்டு இருப்பாக. அதையெல்லாம் யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே, அதுக்கும் இவன் செய்றதுக்கும் உண்மையிலேயே என்ன வித்தியாசம்? தெரிஞ்சவுக சொல்லுங்க.

காரைக்குடி_ஓடி:

அக்கா, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், இந்தப் பிள்ளைங்களோட தான் தினமும் வேலை. உங்க கடைசி கேள்வில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுலதான் விஷயம் இருக்கு.

அடிப்படைல ரெண்டும் ஒரே வேலைதான். உடம்பு தன்னைத்தானே ஒரு நிலைக்குக் கொண்டு வர்ற வழி. கைக்குழந்தை எல்லாமே இதச் செய்யும், கால ஒரே தாளத்துல உதைக்கிறது, கைய ஆட்டுறது, தவழ்ற மாதிரி நின்னு முன்னும் பின்னும் ஆடுறது. எஸ்தர் தெலன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 20 குழந்தைங்கள முதல் வருஷம் பூரா கவனிச்சு 1979ல இதப் பத்தி எழுதியிருக்காங்க, எல்லா குழந்தைகிட்டயும் இது இருந்துச்சு. பெரியவங்களானா நம்மகிட்ட அது ஒளிஞ்சுக்குது, கால் ஆட்டுறது நகம் கடிக்கிறது பேனா மூடிய டிக் டிக்னு அமுக்குறதுன்னு. ஆட்டிசம் உள்ளவங்களுக்கு அடிக்கடி வரும், பெருசா வெளிய தெரியும், தேவையும் அதிகம், ஏன்னா சத்தம் வெளிச்சம் தொடுகை எல்லாம் அவங்களுக்கு நம்மள விட ரொம்ப கூடுதலாவோ ரொம்ப கம்மியாவோ போய்ச் சேருது. 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற, மனநல டாக்டருங்க நோயக் கண்டறியப் பாக்குற கையேட்டுல தான் இந்த உணர்வு வித்தியாசத்த ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா சேத்தாங்க. ஒரே மாதிரி அசைவு மட்டும் 1943ல லியோ கானர்ங்கிற டாக்டர் 11 பிள்ளைங்களப் பத்தி எழுதுன முதல் கட்டுரைலயே இருக்கு. ஆனா கை உதறல மட்டும் வச்சு ஆட்டிசம்னு யாரும் சொல்லிரக் கூடாது, பழகுறதுலயும் பேச்சுப் பரிமாற்றத்துலயும் வித்தியாசம் இருந்தாதான் அந்தப் பேச்சே.

இப்ப நீங்க எழுதுனதையே திரும்பப் படிச்சுப் பாருங்க, சந்தோஷ உதறல் வேற, சத்தத்துல வர்ற உதறல் வேறன்னு நீங்களே பிரிச்சு வச்சிருக்கீங்க. முதலாவது சிரிப்பு மாதிரி, அத நிறுத்த ஒரு காரணமும் இல்ல. ரெண்டாவது, எனக்கு தாங்கலம்மான்னு அவன் சொல்ற தகவல். கைய அமுக்குனா தகவல் நிக்கும், தாங்காதது அப்படியே உள்ள இருக்கும், அதான் அரை மணில அழுகையா வருது. கைய அமுக்குற முறைய நான் செய்றதில்ல, யாருக்கும் சொல்லியும் குடுக்குறதில்ல. 1960கள்ல அமெரிக்கால லோவாஸ்ங்கிற உளவியலாளரோட குழு அறைஞ்சும் மின்சார அதிர்ச்சி குடுத்தும் கூட இந்தப் பழக்கங்கள நிறுத்தப் பாத்தாங்க, பிள்ளைக்கு எது தாங்கலன்னு கேக்காம வெளிய தெரியிறத மட்டும் துடைக்கப் பாக்குற எண்ணம் அங்கருந்தே வர்றது, இன்னும் நம்ம ஊர் சென்டர் சிலதுல மிச்சம் இருக்கு, எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம்.

தலையிட வேண்டிய இடமும் இருக்கு. தன்னையோ அடுத்தவங்களையோ காயப்படுத்துனா. புதுசா திடீர்னு ஆரம்பிச்சா இல்ல ரொம்ப கூடிப் போனா. செஞ்சுக்கிட்டிருந்த வேலைய கை மறந்து போனா, குறிப்பா சின்னப் பொம்பளப் பிள்ளைங்க பொருள் பிடிக்கிறத விட்டுட்டு கையப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா உடனே குழந்தை நரம்பு டாக்டர்கிட்ட போகணும், ரெட் சிண்ட்ரோம்ங்கிற நரம்பு வளர்ச்சிக் கோளாறான்னு பாக்கணும். கூப்பிட்டாலும் தொட்டாலும் நிக்காம கண்ணு நிலைகுத்துனா அது வலிப்பா இருக்கலாம், போன்ல வீடியோ எடுத்துட்டு போய் காட்டுங்க. உங்க பையன் கதை இதுல எதுவும் இல்ல.

தேவகோட்டை_தம்பி:

அக்கா, எனக்கு ஆட்டிசம், பெரியவனான பிறகுதான் தெரிய வந்துச்சு, இப்ப ஆடிட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். உள்ள இருந்து எப்படி இருக்கும்னு நான் சொல்றேன்.

கை கட்டி உக்காருன்னு சொன்னா உக்காருவேன். ஆனா கை அசையாம வச்சிருக்கிறதே ஒரு முழு வேலை. மேல ஃபேன் சத்தம், பக்கத்துப் பையன் பென்சில் சீவுற வாசம், டியூப் லைட் மினுக்கல், எல்லாம் ஒரே அளவுல வந்து விழும், எத எடுக்கணும் எத விடணும்னு தெரியாது, அப்ப கட்டை விரல ஒவ்வொரு விரலா தொட்டுக்கிட்டே போனா, ஒண்ணு ரெண்டு மூணு நாலு திரும்ப நாலு மூணு ரெண்டு ஒண்ணு, அந்த ஒரு விஷயம் மட்டும் நான் நெனச்ச மாதிரி நடக்கும், மத்த சத்தமெல்லாம் கொஞ்சம் பின்னால போகும், அப்பதான் சார் நடத்துற பாடம் காதுல ஏறும். கைய கட்டிட்டா பாடம் ஏறாது. வெளிய பாக்குறவங்களுக்கு நேர் எதிரா தெரியும், கை ஆடுனா கவனிக்கலன்னு நெனப்பாங்க.

2019ல ஆட்டிசம் உள்ள பெரியவங்ககிட்ட கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுலயும் இதேதான் சொல்லியிருக்காங்க, இது எங்கள நிதானப்படுத்துது, இத இல்லாம ஆக்குற சிகிச்சை வேண்டாம், மத்தவங்க புரிஞ்சுக்கிட்டாலே போதும்னு. படிக்கிறப்ப அம்புட்டு ஆறுதலா இருந்துச்சு.

ஓலை நறுக்க மட்டும் பிடுங்கிறாதீங்கக்கா. கல்யாணத்துக்கு ஒரு கட்டு கொண்டு போங்க.

பள்ளத்தூர்_ஓய்வாசிரியர்:

எல்லாம் சரிம்மா, தம்பி சொன்னதும் புரியுது. ஆனாலும் 35 வருஷம் வகுப்பு எடுத்தவன்ங்கிற முறைல ஒண்ணு கேக்கணும்னு தோணுது. நாளைக்கு அவன் பஸ்ஸுல போகணும், வேலைக்குப் போகணும், ஊரு உலகம் நம்ம பிள்ளைக்காக மாறாது. சின்னதுல கொஞ்சம் அடக்கப் பழக்குனா அவனுக்குத்தானே நல்லது? மத்த பிள்ளைங்க கேலி பண்ணுமே, அதுக்கு என்ன வழி?

தேவகோட்டை_தம்பி:

ஐயா, உங்க கவலை நெசம். ஆனா கேலி பண்ற பிள்ளைய விட்டுட்டு கேலிக்கு ஆளாகுற பிள்ளைய திருத்துறது எந்த ஊர் நியாயம்? நீங்க வகுப்புல இருந்தப்ப ஒரு வார்த்தை, அவன் கை அப்படித்தான் ஆடும் நீ பாடத்தப் பாருன்னு சொல்லியிருந்தீங்கன்னா அந்த வகுப்பே அடங்கியிருக்கும், வாத்தியார் வார்த்தைக்கு அம்புட்டு பலம் இருக்கு. எங்க எத காட்டணும்னு நாங்களே வயசு ஏற ஏறப் பழகிக்கிறோம், நான் ஆபீஸ்ல மேசைக்கு அடில விரல் எண்ணுவேன், வீட்டுக்கு வந்தா நல்லா ஆடுவேன். அது நானா எடுத்த முடிவு, அதனால தாங்குது. நாள் பூரா அடக்கிக்கிட்டே இருந்த காலத்துல சாயங்காலம் பேசக் கூட தெம்பு இருக்காது.

புதுவயல்_அப்பா:

எங்க பாப்பாவுக்கு ஒம்பது வயசு, பேச்சு கிடையாது. நான் கொஞ்சம் வேற பக்கம் சொல்லணும், ஏன்னா எல்லாத்தையும் அப்படியே விட்ருங்கன்னு படிச்சுட்டு யாரும் சும்மா இருந்துறக் கூடாது. பாப்பா முன்னங்கைய கடிக்கும், ரத்தம் வர்ற அளவு. கையப் பிடிச்சாலும் நிக்கல, அதட்டுனாலும் நிக்கல. ஒரு நல்ல டாக்டரம்மா தான் வாயத் தொறந்து காட்டச் சொன்னாக, கடவாப்பல்லு சொத்தை, ஈறு வீங்கிக் கெடந்துச்சு. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளை வேற எப்படிச் சொல்லும்? பல்லப் பாத்த பிறகு கடிக்கிறது பெரும்பாலும் கொறஞ்சிருச்சு. அதுனால கடி, தலைய முட்டுறது, காத அடிக்கிறது இதெல்லாம் பாத்தா முதல்ல பல்லு, காது, மலச்சிக்கல் இந்த மூணையும் பாத்துருங்க.

மிச்சம் இருக்குறதுக்கு எங்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்னது, தாடைக்கு அழுத்தம் வேணும்னு தேடுது, அத வேற வழில குடுங்கன்னு. மெல்லுற ரப்பர் ட்யூப் ஒண்ணு கழுத்துல தொங்குது. வீட்ல அப்பத்தா சீப்பு சீடை சுட்டு டப்பாவுல வச்சிருக்கும், நல்லா கடக்கு மொடக்குன்னு கடிக்கிற மாதிரி, கை வாய்க்குப் போறது தெரிஞ்சா சீடைய நீட்டிரும், பாப்பா வாங்கிக் கடிக்கும். அப்பத்தாவுக்கு தெரபின்னா என்னன்னே தெரியாது, ஆனா பிள்ளை மொகத்தப் பாத்து அதுவா நேரத்தக் கண்டுபிடிச்சுக்கிருச்சு.

கோட்டையூர்_அம்மா:

இம்புட்டு பேரு எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. தம்பி எழுதுனத வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டுனேன், அவுக முட்டி ஆடுறத நிறுத்திட்டு கேட்டாக. அத்தைகிட்டயும் பேசுனோம், பிடிவாதமெல்லாம் இல்ல, பேரன ஊரு தப்பா பேசிருமோங்கிற பயம்தான் அவுகளுக்கு. யாராவது கேட்டா நீங்களே பதில் சொல்லுங்கத்தைன்னு அந்தப் பொறுப்ப அவுககிட்டயே குடுத்திருக்கேன், சரின்னுட்டாக. இப்ப கல்யாணத்த எப்படி தாட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்க, தவில், சங்கு, மைக் செட், வெடி எல்லாம் இருக்கு. ஸ்கூலுக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல.

காரைக்குடி_ஓடி:

அத்தைய முன்னால நிறுத்துனது ரொம்ப நல்ல காரியம்.

கல்யாணத்துக்கு. முதல் நாளே கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க, முகப்பு, பட்டாலைக் கூடம், வளவு முற்றம் எல்லாம் நடந்து பாத்துக்கட்டும், எங்க என்ன நடக்கும்னு படம் வரைஞ்சு காட்டுங்க. பின்னாடி ரெண்டாங்கட்டுல ஒரு அறைய அவனுக்குன்னு கேட்டு வாங்கிருங்க, பாய், தண்ணி, ஓலை, தெரிஞ்ச பலகாரம். பெரிய வீட்டுச் சுவரு கனம், மைக் செட் சத்தம் பின்னாடி நல்லாவே கொறையும். காதுக்கு இயர்மஃப் வாங்கி இப்பருந்தே வீட்ல தினம் கொஞ்ச நேரம் மாட்டிப் பழக்குங்க, அன்னைக்கே புதுசா மாட்டுனா பிடுங்கி எறிஞ்சிருவான். காலைல கிளம்புறதுக்கு முன்னாடி கனமான வேலை ஏதாவது குடுங்க, பாதி நெறஞ்ச குடத்த தூக்கிட்டு வர்றது, சாக்கத் தள்ளுறது, அப்புறம் ஊஞ்சல், அது உடம்ப நல்லா நிதானப்படுத்தும். திருப்பூட்டுற, அதாவது தாலி கட்டுற நேரம்தான் சங்கு, கெட்டிமேளம், குலவை எல்லாம் ஒண்ணா விழும், அந்த நேரம் அவன் வளவுல இருந்தே ஆகணும்னு இல்ல, யாரு கூட பின்னாடி இருக்கப் போறாங்கன்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. ம்ம்ம் சத்தம் ஆரம்பிச்சா அதுதான் உங்களுக்கு அறிகுறி, அழுகை வர்ற வரைக்கும் காத்திருக்காம எந்திரிச்சு வந்துருங்க.

ஸ்கூலுக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகைல ஆட்டிசமும் ஒண்ணு, யூடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கலன்னா ஆன்லைன்ல பதிஞ்சுட்டு சிவகங்கை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா பக்கத்து ஸ்கூல்ல இலவசக் கல்விக்கு 6லருந்து 18 வயசு வரைக்கும் உரிமை இருக்கு. ஆனா மிஸ்கிட்ட சட்டத்தோட போய் நிக்காதீங்க, முதல்ல கேளுங்க, கைல ஓலையோட ஒரு வாரம் உக்காரட்டும், நோட்டுல எழுதுறது கூடுதா கொறையுதான்னு நீங்களே பாருங்கன்னு. டாக்டர் கையெழுத்தோட ஒரு பக்க லெட்டர் இருந்தா அவங்களுக்கும் ஹெச்எம்முக்கு பதில் சொல்ல வசதியா இருக்கும். நான் மத்தவங்களுக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஒண்ணு இங்கயே நாளைக்குப் போடுறேன், பேரு மட்டும் மாத்திக்கோங்க.